உள்ளங்கை சிவந்தால் அது சூடு இல்லைங்க

எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக் இருக்கிறது. உள்பக்கம் நகப்பாலிஷில் சிவப்புக் கோடுகள் இருக்கும், நூறு மில்லிக்கு ஒன்று. பொண்ணு கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்த பாட்டிலில் தண்ணீரை அளந்து ஊற்றி ஊற்றி நானே போட்ட கோடுகள். அதை யாரும் குளிக்க எடுப்பதில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை வயிற்றால் போகிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று அளந்து நோட்டில் எழுதுவதற்காக வைத்திருந்த மக் அது. இப்படி ஒரு வேலை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள்தான். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரே மூச்சில் நாற்பது விஷயம் சொன்னார்கள், கையில் இருபத்திரண்டு அயிட்டம் மாத்திரைச் சீட்டு வேறு, என் மண்டையில் நாலுதான் நின்றது. மிச்சம் முப்பத்தாறையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் நம்ம பாஷையில் முன்னாலேயே சொல்லியிருந்தால் பரவாயில்லையே என்று அப்போது எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன், அதனால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோபி பக்கம், தோட்டத்தில் குடியிருப்பு. மஞ்சள், கொஞ்சம் கரும்பு, நாலு உருப்படி மாடு. 2022 சித்திரையில் இவருக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை, பத்து நாளில் ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். வயசு 41. கீமோவில் நோய் அடங்கியது, ஆனால் இது திரும்ப வருகிற வகை, எலும்பு மஜ்ஜை மாற்று, அதாவது ரத்தம் ஊறவைக்கிற அணுக்களை இன்னொருத்தரிடம் வாங்கி ஏற்றிக்கொள்வதுதான் நல்லது என்றார்கள். கூடப்பிறந்தவர்களில் ஒருத்தர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பாம். இவருடைய தங்கச்சி, என் நாத்தனார், அவளுடையதே பொருந்திவிட்டது. சென்னிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதற்குப் பலன் என்று அத்தை சொன்னார், நானும் இல்லை என்று சொல்லவில்லை.

2022 செப்டம்பர் 29-ஆம் தேதி கோயமுத்தூரில் மாற்று நடந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அது பூஜ்யம் நாள், அப்புறம் எல்லாம் பிளஸ் ஒன்று, பிளஸ் இரண்டு என்று எண்ணிக்கை. பெரிய ஆபரேஷன் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் தக்காளி ரசம் கலரில் ஒரு பை, ரத்தம் ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள், முடிந்தது. அதற்கு முந்தின வாரம் கொடுத்த கீமோதான் ஆளை அடித்துப்போட்டது. வாயிலிருந்து தொண்டை வரைக்கும் புண், எச்சில் விழுங்க முடியாமல் ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தார், மார்ஃபின் கொடுத்தார்கள். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் ரெண்டு மணிக்கொருதரம் வாய் கொப்புளிக்கச் சொல்வார்கள், வலிக்கிறது என்று இவர் முரண்டு பிடிப்பார், நான் விடமாட்டேன். அந்தப் புண் வழியாகத்தான் கிருமி ரத்தத்தில் ஏறும் என்று நர்ஸ் பொண்ணு சொன்னது மட்டும் எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. பதினாறாம் நாள் வெள்ளையணு தலைகாட்டியது. தீபாவளி முடிந்து ரெண்டாம் நாள், ஆஸ்பத்திரிக் கணக்கில் இருபத்தேழாம் நாள், வெளியே அனுப்பினார்கள். பில் பதினாலரை லட்சம். அவ்வளவுதான், தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், இது புரியாமல் மற்றது புரியாது. இவர் உடம்பில் இப்போது இருக்கிற எதிர்ப்புசக்தி தங்கச்சியுடையது. அந்த அணுக்களுக்கு இவர் உடம்பு அந்நியம், அதனால் இவரையே தாக்கும். ஜி.வி.எச்.டி. என்பார்கள். டாக்டர் படம் போட்டெல்லாம் விளக்கினார், அத்தைக்கு ஏறவில்லை. அப்புறம் அத்தையே, "தங்கச்சி தோட்டத்து நாயைக் கொண்டாந்து நம்ம வாசல்ல கட்டுனா நம்மளப் பாத்தே கொலைக்குமில்ல, அதாட்டமா?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான், ஆனால் நாயை விரட்டிவிடவும் கூடாது, மிச்சம் மீதி கேன்சர் செல் இருந்தால் அதுதான் பிடிக்கும், குரைப்பை அடக்கிவைக்கத்தான் டாக்ரோலிமஸ் மாத்திரை என்றார். ஒரு பெண், அதுவும் பிள்ளை பெற்றவள், ஆணுக்குக் கொடுக்கும்போது நாள்பட்ட ஜி.வி.எச்.டி. கொஞ்சம் கூடுதலாக வரும் என்றும் சொன்னார். நாத்தனாருக்கு ரெண்டு பிள்ளைகள். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று இவர் கேட்டுக்கொண்டார், பாவம், கொடுத்ததற்கே குற்றவுணர்ச்சி வந்துவிடும் என்று.

நூறு நாள் வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேர தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் அவினாசி ரோட்டிலிருந்து ரெண்டு தெரு உள்ளே ஒரு மாடி வீடு பிடித்தோம். மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த சமயம், ஜன்னல் கம்பியைத் துடைத்த துணி அரைமணியில் கறுத்துவிடும். வாடகை குறைவாக இருக்கிறதே என்று பிடித்த வீடு, இப்போதானால் பிடிக்க மாட்டேன். கட்டட வேலை நடக்கிற இடத்துத் தூசியில் பூஞ்சைக் காளான் விதை பறக்கும், சாதாரண ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது, இவர்களுக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். வீடு பார்க்கிறவர்கள் வாடகையைக் கேட்கும் முன்னால் மேல்தொட்டியை எப்போது கழுவினார்கள், சுவரில் ஓதம் இருக்கிறதா, பக்கத்தில் யாராவது வீடு இடிக்கிறார்களா என்று பாருங்கள்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பாதி உயிர் போயிற்று. பழைய சோறு கூடாது, கம்பங்கூழ் கூடாது, இளநீர், கரும்புச்சாறு கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, மேலே தூவுகிற கொத்தமல்லித் தழைகூட அடுப்பில் கொதித்திருக்க வேண்டும். கோயில் தீர்த்தம் கூடாது என்று சொன்னதற்கு அத்தை ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதால் மூன்று லிட்டர் குக்கரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒன்றரை லிட்டர் குக்கர் வாங்கினேன், எட்டு மாசம் அதில் அரிசியும் பருப்பும் சாதம்தான் ஓடியது. இவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, பச்சைப்புளி ரசம். அடுப்பில் ஏற்றாமல் கையால் கரைத்து, பச்சை வெங்காயம் நசுக்கிப்போட்டு, அதுதானே ருசியே. தர முடியாது என்றேன். ஒரு நாள் எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார், நல்லவேளை அந்த அம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டார்.

ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் சீக்குக்காரரைப் பார்க்க வராவிட்டால்தான் தப்பு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காரில் ஆறு பேர் வந்து இறங்குவார்கள், அதில் ரெண்டு குழந்தைக்கு மூக்கு ஒழுகும். வாசலிலேயே நிறுத்தி, வீடியோ காலில் பேசுங்கள் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக என்னைத் திமிர் பிடித்தவள் என்று இன்றைக்கும் சொல்கிற வீடு ரெண்டு இருக்கிறது. சொல்லட்டும். இதை மனைவி சொன்னால் எடுபடாது, மச்சாண்டாரிடம் (இவருடைய அண்ணன்) சொல்லி அவர் வாயால் எல்லாருக்கும் போன் போட வைத்தேன், அப்புறம்தான் நின்றது. இந்த வேலையை மாற்றுக்கு முன்னாலேயே செய்துவையுங்கள்.

முப்பத்தெட்டாம் நாள், நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட உட்கார்ந்தவர் கையை நீட்டிக் காட்டினார், உள்ளங்கை மருதாணி வைத்துக் கழுவின மாதிரி சிவந்திருந்தது. காதும் சிவப்பு, உள்ளங்காலில் எரிச்சல். மாத்திரை சூடு என்று நானே முடிவு கட்டினேன். நம்ம ஊரில் எது வந்தாலும் சூடுதானே, கண் எரிந்தால் சூடு, வாய்ப்புண் சூடு, வயிற்றால் போனால் சூடு. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன். திங்கட்கிழமை நெஞ்சு வரைக்கும் பொரிப்பொரியாக ஏறியது, புதன்கிழமைதான் ஓ.பி. இருக்கிறதே, அப்போது காட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். செவ்வாய் ராத்திரி வயிறு பிடுங்கிக்கொண்டது. பச்சையாக, தண்ணீராக, நாத்தமே வேறு மாதிரி, விடியும்வரைக்கும் ஒன்பது தடவை. மூணு மணிக்கு அவரைக் கழுவிவிட்டுக்கொண்டே நான்தான் கெடுத்தேன் என்று தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தோல், குடல், கல்லீரல் இந்த மூன்றும்தான் முதல் மூன்று மாசத்தில் அந்த நாய் கடிக்கிற இடம். உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் சிவப்பதில்தான் பெரும்பாலும் தொடங்கும். வயிற்றால் போவதை எத்தனை தடவை என்று அவர்கள் கேட்பதில்லை, எத்தனை மில்லி என்றுதான் கேட்பார்கள், ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினாலே கணக்கு வேறு. இவருக்கு அட்மிட் ஆன அன்றைக்கு 1,700. அப்போதுதான் அந்த மக் வந்தது. குடலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் வைரஸாலும் இதே மாதிரி போகும், ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்: ஒன்றுக்கு எதிர்ப்புசக்தியை அமுக்க வேண்டும், இன்னொன்றுக்கு அமுக்கினால் ஆபத்து. அதனால் கடையில் போய் வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி, உடம்பு எடைக் கணக்கில் பெரிய டோஸ். பத்தொன்பது நாள் படுக்கை, நாலு லட்சத்து எண்பதாயிரம். சிவந்த அன்றைக்கே வந்திருந்தால் தோலோடு போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா, ஆனால் அடுத்த தடவை போன் பண்ணுங்கள் என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஸ்டீராய்டு கேட்டவுடன் குரைப்பு அடங்கியது, ஆனால் அது வேறு கதவுகளைத் திறந்துவிட்டது. சர்க்கரை 340. ராத்திரி தூக்கமே இல்லை, நடு ஜாமத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு மாட்டை வித்துவிடலாமா, கிணற்றைத் தூர்வாரலாமா என்று பேசுவார், கோபம் என்றால் அப்படிக் கோபம், கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என்னை ஒரு சொல் சொல்லாத மனுஷன் தட்டை வீசினார். மாத்திரைதான் இப்படிச் செய்கிறது என்று யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுதான் கடந்தேன். அதற்கு நடுவில் சி.எம்.வி. வைரஸ். இது புதுசாக வெளியிலிருந்து வருவதில்லை, நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சின்ன வயசிலிருந்தே தூங்கிக்கொண்டிருப்பது, காவல் குறைந்ததும் எழுந்துகொள்கிறது. வாராவாரம் ரத்தத்தில் இதைத் தேடுவார்கள், நன்றாகத்தானே இருக்கிறார், இந்த வாரம் ஒரு டெஸ்ட் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கவே கூடாத டெஸ்ட் இது, ஏனென்றால் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே பிடித்தால் மாத்திரையிலேயே அடக்கிவிடலாம். மாத்திரை கொடுத்தால் அது வெள்ளையணுவைக் குறைக்கிறது, குறைந்தால் அதற்கு ஓர் ஊசி. இப்படி ஒன்றை அமுக்கினால் ஒன்று கிளம்பும்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கிற டெஸ்டில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும், அப்போதுதான் உண்மையான அளவு தெரியும். நான் நேரம் தவறாத மருமகளாக ஏழு மணிக்கே மாத்திரையைக் கொடுத்துக் கூட்டிப்போனேன். அளவு எக்கச்சக்கமாக வந்து, கிட்னி கெட்டுவிடும் என்று டோஸைக் குறைத்து, அப்புறம் விஷயம் தெரிந்து மறுபடி எடுத்து, டெஸ்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரெண்டு தடவை தண்டம். இந்த மாத்திரை ரொம்ப ரோஷக்காரன், கூட வேறு எது போட்டாலும் ஏறும் இறங்கும். பம்ளிமாஸ் பழம் வேண்டாம், அந்த ஜாதிப் பழம் எதுவும் வேண்டாம். மச்சாண்டார் ஒரு நாள் தட்டணு ஏறும் என்று பப்பாளி இலையை அரைத்துச் சாறு எடுத்துத் தூக்குப்போசியில் கொண்டுவந்துவிட்டார், நல்ல மனசோடுதான். பச்சை இலை, கழுவினது எந்தத் தண்ணீரோ, ஈரல் வேறு ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனதும் தொட்டியில் ஊற்றினேன். நிலவேம்பு, கபசுரம் எல்லாமே டாக்டரைக் கேட்காமல் கூடாது.

இனி சொல்லப்போவதை நான் இவரிடமே ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். ஸ்டீராய்டு ஓடுகிறவரைக்கும் காளான் நோய் வராமல் இருக்க போசகோனசோல் என்று ஒரு மாத்திரை. மாசம் முப்பதாயிரத்தைத் தொட்டது. ஜனவரியில் கையில் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் அஞ்சு லட்சம் எப்போதோ தீர்ந்துவிட்டது, எட்டுப் பவுன் பேங்கில், பொண்ணு ஃபீஸ் பாக்கி. மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மற்றதெல்லாம் இருக்கிற வியாதிக்கு, இது ஒன்றுதான் வராத வியாதிக்கு. நிறுத்திவிட்டேன். அடுத்த ஓ.பி.யில் டாக்ரோலிமஸ் அளவு திடீரென்று இறங்கியிருந்தது, காளான் மாத்திரை அதை உயர்த்திப் பிடித்திருந்தது, அது நின்றதும் இதுவும் விழுந்துவிட்டது. ஏதாவது மாத்திரையை விட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லைங்க என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நூற்று முப்பதாம் நாள் ஊருக்குப் போகலாம் என்றார்கள், பிப்ரவரி முதல் வாரம். தோட்டத்துக்குப் போனதும் இவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போகக் கூடாது, சோளத்தட்டுப் போர் பிரிக்கும்போது வெளியே வரக் கூடாது, மண் கிளறக் கூடாது, கோழி அடைக்கிற இடம் கூடாது என்று எழுதி கதவிலேயே ஒட்டிவைத்தேன். ஆனால் ஒரு வாரத்தில் மாசி பிறந்துவிட்டது, மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு மெருகு போடுகிற நாள். டிரம் சுற்றுகிற சத்தம் கேட்டால் இவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருகிறேன் என்று போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார், புருவம்கூட மஞ்சளாக இருந்தது. சிரித்தேன் நானும்.

ரெண்டு வாரம் போல இருக்கும், சாயந்திரம் சாயந்திரம் 100 டிகிரி, வறட்டு இருமல், மூச்சு இழுத்தால் முதுகில் ஒரு குத்து. 100.4 வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், 100 தானே என்று பக்கத்து டவுனில் காட்டினோம், ஆன்டிபயாடிக் ஊசி, நாலு நாள் போயிற்று. இன்னொன்று, ஸ்டீராய்டில் இருக்கிற ஆளுக்குக் காய்ச்சல் முழுசாகத் தெரியாது, அமுங்கித்தான் தெரியும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு டெம்பரேச்சர் பார்ப்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அங்கே ஹீமோகுளோபின் 6.8 என்று ரத்தம் ஏற்றப் பையைக் கொண்டுவந்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது: கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும். சாதாரண ரத்தத்தில் இருக்கிற கொடையாளியின் வெள்ளையணு இவர்கள் உடம்பில் வளர்ந்து தாக்க ஆரம்பித்தால் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். ரத்த குரூப் குழப்பம் வேறு. இவர் பிறந்தது ஓ பாசிட்டிவ், தங்கச்சி பி பாசிட்டிவ், மாற்றுக்கப்புறம் குரூப்பே மாறிவிட்டது, ஆதார் அட்டையோடு பழைய டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் அதில் ஓ என்று இருக்கும். நான் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன், அங்கிருந்தவர் முகம் சுளித்தார், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கோயமுத்தூருக்கு போன் போட்டுக் கொடுத்தேன், பேசிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரியே குன்னத்தூர் வழியாக ஆம்புலன்ஸில் கோயமுத்தூர்.

சி.டி.யில் நுரையீரலில் ரெண்டு கட்டி மாதிரி, ஆஸ்பெர்ஜில்லஸ் காளான். மெருகு டிரம்மில் வந்ததா, மேம்பாலத் தூசியில் வந்து உட்கார்ந்திருந்ததா, நான் நிறுத்தின மாத்திரையாலா, யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு டாக்டர் அறைக்கு வெளியில் நின்று, மாத்திரையை நிறுத்தினது நான்தான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கவுண்டரில் இருந்த சமூக சேவகரைக் கூப்பிட்டார். அதே மருந்தை வேறு கம்பெனியுடையது கிட்டத்தட்ட பாதி விலைக்கு வாங்கலாம் என்பதும், மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறது என்பதும், பிரதமர் நிவாரண நிதிக்கு ஆஸ்பத்திரி மதிப்பீட்டுச் சான்று வைத்து எழுதலாம் என்பதும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறவர்கள் மாற்றுக்கு முன்னாலேயே கேளுங்கள். காசில்லை என்று சொல்ல எனக்கு இருந்த கூச்சத்தின் விலை, அந்தத் தடவை மட்டும் ஆறு லட்சத்து இருபதாயிரம், கூடவே கொளத்துப்பக்கத்து ஒரு ஏக்கர். காளானுக்கு வோரிகோனசோல் என்கிற மருந்து ஆரம்பித்தபோது டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். முதல் சில நாள் கண்ணில் கலர் கலராகத் தெரிகிறது என்றார், அது அந்த மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம், ஆனால் சொல்லிவிட வேண்டும். வெயிலில் போனால் தோல் வெந்துவிடும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம்.

பத்தாம் மாசத்துக்கு மேல் வந்தது நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இது திடீரென்று அடிக்காது, திருடன் மாதிரி வரும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், வாயில் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைவெள்ளையாகக் கோலம் போட்ட மாதிரி, நகம் பிளந்து வரும், முழங்கை மடக்கினால் தோல் இழுக்கும். இதையெல்லாம் வயசாகிறது என்று விட்டுவிடத் தோன்றும், மூச்சு விஷயத்தை மட்டும் விடவே கூடாது. மாடிப்படி ஏறினால் இரைக்கிறது என்பதற்கு முன்னாலேயே ஊதிப்பார்க்கிற டெஸ்டில் தெரிந்துவிடும், நுரையீரலில் போனது திரும்ப வருவது கஷ்டம் என்பதால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஊதச் சொல்கிறார்கள், அதற்கு மட்டும் இவரை எப்பாடுபட்டாவது கூட்டிப்போய்விடுவேன். ஸ்டீராய்டைக் குறைக்க ரக்ஸோலிடினிப் என்று ஒன்று கொடுக்கிறார்கள், 2021-இல்தான் நாள்பட்டதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, இவருக்குக் கேட்டது. ஆனால் இடுப்பு வலி வந்து எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஸ்டீராய்டால் தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. இடுப்போ இடுக்கோ வலித்தால் நடந்த அலுப்பு என்று தைலம் தேய்க்காதீர்கள். தடுப்பூசியும் எல்லாம் முதலிலிருந்து, கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி. தட்டம்மை மாதிரி உயிருள்ள ஊசி மட்டும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கிடையாது. வீட்டில் போலியோ சொட்டு மருந்து போடுகிற வயசில் குழந்தை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், அதுவும் உயிருள்ள மருந்துதான்.

ரெண்டு வருஷம் முடிந்து பச்சைப்புளி ரசத்துக்கு அனுமதி வாங்கினேன். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் நாலு தடவை கழுவிக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மிளகாய் எரிச்சல் அந்தக் கன்னத்துக்குத் தாங்கவில்லை. அப்புறம் வெல்லம் போட்டு, மிளகாய் இல்லாமல் ஒரு ரசம் கண்டுபிடித்தோம், கேவலமாக இருக்கும், குடிக்கிறார்.

என்னைப் பற்றியும் ரெண்டு வரி. பதினோரு கிலோ இறங்கினேன், பொண்ணு ஏழு மாசம் அமுச்சி (என் அம்மா) வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனாள், வந்தபோது என்னிடம் ஒட்டவே ஒரு மாசம் ஆயிற்று. கூட இருக்கிற ஆள் ஒருத்தராக மட்டும் இருந்தால் ஓடாது, வாரத்துக்கு ஒரு ராத்திரியாவது மாற்றிவிட ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் கை கழுவுவதிலிருந்து மாத்திரை நேரம் வரைக்கும் நோட்டில் இருக்க வேண்டும். மாற்றுக்குப் பதினாலரை ஆயிற்று, அதற்கப்புறம் இன்று வரை பதினைந்தைத் தாண்டிவிட்டது. டாக்டர் சொல்கிற தொகையைத் திரட்டினவுடன் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு மேல் இன்னும் பாதியாவது தனியாகத் தொடாமல் இருக்கட்டும்.

நாளைக் காலை ஊதிப்பார்க்கிற டெஸ்டும் டாக்ரோலிமஸ் அளவும். அஞ்சே முக்கால் பஸ். மாத்திரை டப்பாவை என் கைப்பையின் அடியில் போட்டு மேலே துண்டு மடித்து வைத்துவிட்டேன், இவர் தேடுகிற சத்தம் உள்ளே கேட்கிறது. "ஏனுங்க, ரத்தம் குடுத்தப்புறம் தாரனுங்க" என்று மட்டும் சொன்னேன்.